ரோடு ஏற ஏற இறங்கிய வீடு

1994-இல் என் மாமனார் இந்த வீட்டைக் கட்டியபோது தெரு வெறும் மண். கேட்டுக்கு வெளியே மூன்று படி வைத்தார், ஒவ்வொன்றும் ஆறு இன்ச். நான்காவதாகக் கால் வைத்தால் வீட்டுத் தரை. அதாவது தெருவைவிட வீடு இரண்டு அடி உயரம். அப்புறம் ஜல்லி கொட்டினார்கள், அதன் மேல் தார், சில வருஷம் கழித்து அந்தத் தார் மேல் இன்னொரு தார், 2017-இல் மறுபடியும் ஒன்று. 2023-இல் பார்த்தால் ஒரு படிகூடக் கண்ணுக்குத் தெரியாது. தெருவுக்கும் எங்கள் வீட்டுத் தரைக்கும் வித்தியாசம் நாலே இன்ச். மழைக்காலம் வந்தால் கேட்டுக்குக் குறுக்கே செங்கல் வைத்து சிமெண்ட் பூசி ஒரு வரப்பு கட்டுவோம், தை பிறந்ததும் உடைப்போம்.

சென்னைக்குத் தெற்கே ஒரு நகராட்சி எங்களுடையது. பெயர் வேண்டாம், அதே ஊரில்தான் இன்னும் தண்ணீர் வரி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

2023 செப்டம்பரில் ஒரு நாள் காலையில் இரண்டு பேர் டேப் பிடித்துத் தெருவை அளந்தார்கள். சுவரோரம் வெள்ளை பெயின்ட்டில் அம்புக்குறி போட்டார்கள். கேட்டேன். "ரோடு வருதும்மா, சிமெண்ட் ரோடு" என்றார் ஒருவர். தெருவே சந்தோஷப்பட்டது, நானும்தான். எவ்வளவு உயரம் வரும் என்று கேட்டதற்கு, "அது என்னம்மா, முக்கால் அடி வரும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

முதலில் கவுன்சிலரைப் பார்த்தேன். நல்ல பெண், போன் செய்தால் எடுப்பார். "ரோடு வேணும்னு நீங்கதானே ஆன்ட்டி கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க?" என்றார். உண்மைதான். மன்றக் கூட்டத்தின் அஜெண்டாவை எடுத்துக் காட்டினார். அறுபதுக்கு மேல் பொருள்கள், அதில் எங்கள் தெருவுக்கு ஒரு வரி: இன்ன வார்டு, இன்ன தெருவில் சிமெண்ட் கான்கிரீட் சாலை அமைத்தல், மதிப்பீடு ரூ. 14.80 லட்சம், மன்றத்தின் அனுமதிக்கு. தீர்மானம் ஏற்கெனவே நிறைவேறியாகிவிட்டது. எத்தனை இன்ச் உயரும், பழைய ரோட்டை என்ன செய்வார்கள், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அந்த வரியில் எதுவும் இல்லை. கையைத் தூக்கியவர்களுக்கும் தெரிந்திருக்காது. அதெல்லாம் எஸ்டிமேட்டுக்குள் இருக்கிறது, எஸ்டிமேட் பொறியியல் பிரிவில் இருக்கிறது.

பொறியியல் பிரிவில் "எஸ்டிமேட்டெல்லாம் வெளியே காட்ட முடியாதும்மா" என்றார்கள். நான் தொலைபேசித் துறையில் இருந்து 2020-இல் விருப்ப ஓய்வு பெற்றவள். முப்பது வருஷம் ஃபைல் தள்ளியவளுக்கு 'காட்ட முடியாது' என்பதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அதில்தான் நான் சொதப்பினேன். 'ஏன் பழைய சாலையை அகற்றாமல் புதிய சாலை போடுகிறீர்கள்?' என்று கேட்டிருந்தேன். இருபத்தெட்டு நாள் கழித்துப் பதில் வந்தது: விளக்கம் கேட்க இந்தச் சட்டத்தில் இடமில்லை. அவர்கள் சொன்னது சரிதான். ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும். 'இந்தப் பணியின் விரிவான மதிப்பீட்டின் நகல் தருக, தொழில்நுட்ப அனுமதியின் நகல் தருக, கோப்பை நேரில் பார்வையிட அனுமதி தருக' என்று கேட்டிருந்தால் வேறு மாதிரிப் பதில் சொல்லியிருக்க வேண்டும். கோப்பைப் பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் கிடையாது. கோபத்தில் 'ஏன்' என்று எழுதி ஒரு மாதத்தைத் தொலைத்தேன்.

அந்த ஒரு மாதத்தில் வேறொரு கதவு திறந்தது. மகன் பெங்களூரிலிருந்து வந்தவன், "டெண்டர் விட்டுட்டாங்கன்னா அது ஆன்லைன்ல இருக்குமேம்மா" என்று தமிழ்நாடு அரசின் டெண்டர் தளத்தைத் திறந்தான். லாகின் எதுவும் தேவைப்படவில்லை. நகராட்சியின் பெயரைப் போட்டுத் தேடி, கோணல் மாணலாக இருக்கும் அந்த எழுத்துகளை நாலு தடவை தப்பாக அடித்து, ஒருவழியாக எங்கள் தெருவின் டெண்டர் கிடைத்தது. அதோடு பி.ஓ.க்யூ. என்று ஒரு எக்செல் ஃபைல். வேலைக்கான அளவுப் பட்டியல் அது. நான் மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருந்த விஷயம் அதில் வரிசையாக இருந்தது: அடியில் 10 செ.மீ. ஜல்லிக் கலவை, மேலே 15 செ.மீ. கான்கிரீட். மொத்தம் 25 செ.மீ., பத்து இன்ச். பழைய தாரைத் தோண்டி அப்புறப்படுத்துவதற்கு ஒரு வரிகூட இல்லை. பட்டியலில் இல்லாத வேலையைக் கான்ட்ராக்டர் செய்ய மாட்டார், செய்தால் அவருக்குப் பில் கிடையாது. ரோடு போடும் அன்று அவரை வழிமறித்துச் சண்டை போடுகிறோமே, அவர் என்ன செய்வார் பாவம்.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. வரப்பைத் தாண்டி ஹாலில் கணுக்கால் அளவு தண்ணீர். ஃபிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றிவிட்டு நானும் என் கணவரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். பழைய ரோட்டுக்கே இந்தக் கதி.

தண்ணீர் வடிந்ததும் எங்கள் பகுதி மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவரிடம் லெவல் பார்க்கிற ட்யூப் இருந்தது. நீளமான கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். ஒரு முனையைத் தெரு நடுவில் நட்ட கம்பில் அவர் பிடித்துக்கொள்ள, இன்னொரு முனையை நான் ஒவ்வொரு வீட்டு வாசலாக எடுத்துப் போனேன். குழாய்க்குள் காற்றுக்குமிழி இருந்தால் கணக்கு தப்பிவிடும் என்று இரண்டு தடவை கொட்டி நிரப்பினார். எந்த முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து வீட்டுத் தரை எவ்வளவு கீழே, தெரு எவ்வளவு கீழே என்று டேப்பால் அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். இருபத்திரண்டு வீட்டையும் அளந்து மகள் ஸ்கூல் காலத்து கிராஃப் நோட்டில் கோடு போட்டேன். பத்து இன்ச் ஏறினால் பதின்மூன்று வீட்டின் தரை ரோட்டுக்குக் கீழே போகும். எங்கள் வீடு ஆறு இன்ச் கீழே. மேஸ்திரி முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார், இரண்டு டீ.

பிறகு நான் கொடுத்த எந்தக் காகிதத்தையும்விட அந்த கிராஃப் ஷீட்தான் வேலை செய்தது. 'வீட்டுக்குள் தண்ணீர் வரும்' என்று சொன்னால் எல்லாரும் சொல்வதுதான் என்று தலையாட்டுவார்கள். 'கதவு எண் 9, மைனஸ் ஆறு இன்ச்' என்றால் நின்று பார்க்கிறார்கள்.

மனுவில் நான் ஜாக்கிரதையாக இருந்தேன். ரோட்டை நிறுத்தச் சொல்லவில்லை. பதினெட்டு இன்ச் தோண்டிவிட்டுப் போடுங்கள் என்று மட்டும் கேட்டேன். 2021 மே மாதம், அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, சாலையைப் புதுப்பிக்கும்போது பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும், வீடுகள் தாழ்ந்துபோகக் கூடாது என்று அறிவுறுத்தியிருந்தார். அந்தச் செய்தியையும் இணைத்தேன்.

கையெழுத்து வாங்கப் போனபோதுதான் நிஜமான சிக்கல். பாதிப் பேர் பயந்தார்கள். "தோண்டு, திருத்துன்னு சொன்னா ஃபண்டு வேற தெருவுக்குப் போயிடும் மேடம். மார்ச் வந்தா அதுவும் இல்ல" என்றார் ஒருவர். அது வெறும் பயம் இல்லை, பக்கத்து வார்டில் அப்படி நடந்திருக்கிறது. எதிர்வீட்டு சார் வேறு ரகம். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் வடக்கேயிருந்து வந்த ஆட்களை வைத்து, நூற்றுக்கணக்கான ஜாக்கி கொடுத்து, வீட்டையே மூன்றரை அடி தூக்கியவர். "நான் லட்சக்கணக்குல செலவு பண்ணி வீட்டைத் தூக்கியிருக்கேன். நீங்க ரோட்டை இறக்கினா என் கார் ராம்ப் என்ன ஆகறது?" என்று கேட்டார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது, என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கையெழுத்துப் போடவில்லை. பதினைந்து வீடு போட்டது.

மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை நகராட்சித் தபால் பிரிவில் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு முத்திரை வாங்கினேன். இந்த முத்திரை இல்லாமல் அதிகாரி கையில் நேரடியாகக் கொடுக்கும் மனு காற்றில் கொடுத்த மாதிரி. கமிஷனரை அப்புறம்தான் பார்த்தேன். கவுன்சிலரும் கூட வந்தார்.

ஜனவரியில் நகராட்சியின் ஜே.இ., அதாவது இளநிலைப் பொறியாளர், ஒரு சின்னக் கருவியோடு வந்து அவரும் லெவல் எடுத்தார். என் கணக்குக்கும் அவர் கணக்குக்கும் அரை இன்ச்தான் வித்தியாசம். மேஸ்திரிக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் ஜே.இ. என் மனுவை அப்படியே ஒத்துக்கொள்ளவில்லை. "அந்த உத்தரவு தார் மேல தார் போடறதுக்கும்மா, மெஷின் விட்டுச் சுரண்டறது. இங்க நாம சிமெண்ட் போடறோம்" என்றார். சட்டம் பேசுகிறாரோ என்று எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் அவரே தெரு முனையில் ஒரு இடத்தைக் கொத்தச் சொல்லிக் காட்டினார். குடிநீர்க் குழாய் ஒன்றரை அடி ஆழத்தில்தான் போகிறது. நான் கேட்ட பதினெட்டு இன்ச் தோண்டினால் ஜே.சி.பி. பக்கெட் நேராகக் குழாய் மேல் விழும். இன்னொன்று, தெருக்கோடியில் இருக்கும் மழைநீர் வடிகாலின் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதற்குக் கீழே ரோட்டை இறக்கினால் தண்ணீர் வடிகாலுக்குப் போகாது, வடிகால் தண்ணீர்தான் தெருவுக்கு வரும். நான் வீட்டு வாசலை மட்டும் அளந்திருந்தேன், வடிகாலை அளக்கவில்லை.

பேசிப் பேசி பன்னிரண்டு இன்ச் தோண்டுவது என்று முடிவானது. பத்து இன்ச் ரோடு வந்தால் இப்போதிருப்பதைவிட இரண்டு இன்ச் தாழ்வாக இருக்கும். எங்கள் தரை ரோட்டுக்கு ஆறு இன்ச் மேலே. தெருக்கோடியில் இரண்டு வீடுகள் அப்போதும் பள்ளத்தில்தான்.

தோண்டுவதும் மண்ணை அள்ளிக்கொண்டு போவதும் சேர்ந்து மதிப்பீடு 16.40 லட்சம் ஆனது. அதனால் பழைய டெண்டரை ரத்து செய்து, திருத்திய மதிப்பீட்டை மறுபடியும் மன்றத்தில் வைத்து அனுமதி வாங்க வேண்டும். பிப்ரவரிக் கூட்டத்தில் வைத்தார்கள், நிறைவேறியது. மறு டெண்டர் விடுவதற்குள் மார்ச் 16, நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவிப்பு, நடத்தை விதிமுறை. எங்களுக்கு ஏப்ரல் 19-இல் ஓட்டு முடிந்துவிட்டது, ஆனால் நாடு முழுக்க முடிந்து எண்ணி முடிக்க ஜூன் ஆகிவிட்டது. அதுவரை புது டெண்டர் கிடையாது. அந்த மூன்று மாதமும் தெருவில் தலை காட்டவே கூச்சமாக இருந்தது. காய்கறி வண்டிக்காரரிடம்கூட "வந்த ரோட்டை மேடம் திருப்பி அனுப்பிட்டாங்க" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு கட்டத்தில், பேசாமல் முக்கால் அடியை ஏற்றுக்கொண்டு நாமும் ஜாக்கி ஆட்களைக் கூப்பிட்டிருக்கலாமோ என்று கணவரிடம் கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஜூலையில் ஜே.சி.பி. வந்தது. முதல் நாளே குழாய் உடைந்தது. பன்னிரண்டு இன்ச்சுக்கே. இரண்டு நாள் தண்ணீர் இல்லை, லாரித் தண்ணீர்தான். எதிர்வீட்டு சார் குடத்தைத் தூக்கிக்கொண்டு என் வாசல் வழியாகத்தான் போனார், என்னைப் பார்த்துக்கொண்டே.

தோண்டிய பக்கவாட்டில் பார்த்தால் கேக் வெட்டியது மாதிரி இருந்தது. மேலே கருப்பு, கீழே கொஞ்சம் பழுப்பு, மறுபடி கருப்பு, அதற்கும் கீழே செம்மண் ஒட்டிய ஜல்லி. ஒவ்வொரு தடவையும் நாங்கள் கேட்டு வாங்கிய ரோடு. எங்கள் கேட்டுக்கு முன்னால் மண்ணை மண்வெட்டியால் இழுத்தபோது, மாமனார் கட்டிய மேல் இரண்டு படியும் வெளியே வந்தன. ரெட் ஆக்சைடு பூசிய படி, ஓரத்தில் மாமியார் போட்ட வெள்ளை பெயின்ட் கோலம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. என் கணவர் ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாரும் கொண்டுவந்து தேய்க்க ஆரம்பித்தார். இரண்டு நாளில் கான்கிரீட் மூடப்போகிறது என்று தெரிந்தும் தேய்த்தார். மேல் படியின் தலை மட்டும் இப்போது ரோட்டோடு ரோடாகத் தெரிகிறது.

கான்கிரீட் போட்ட அன்று நான் டேப்போடு நின்றேன். இரண்டு இடத்தில் கனம் பன்னிரண்டு செ.மீ.தான் இருந்தது, பட்டியலில் பதினைந்து. ஜே.இ.யிடம் எக்செல் காகிதத்தை நீட்டினேன். அவர் சூப்பர்வைசரைப் பார்த்தார், சூப்பர்வைசர் ஆட்களைப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் கலவை கொட்டினார்கள். சண்டை எதுவும் இல்லை. கான்கிரீட் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதுதான் நான்கே நாளில் நின்றுவிட்டது. அதற்கப்புறம் காலையும் மாலையும் ஹோஸ் பிடித்தது நாங்கள்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். அன்று ராத்திரி யாரும் தூங்கவில்லை. தெருவில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து எங்கள் வீட்டுத் தரைக்கு மூன்று விரல் கீழே நின்றது. விடியற்காலையில் வடிகால் பக்கம் இழுக்க ஆரம்பித்தது. எதிர்வீட்டு சார் மாடியிலிருந்து டார்ச் அடித்து, "உள்ள வந்துடுச்சா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றேன். "சரி" என்று டார்ச்சை அணைத்தார்.

தெருக்கோடி இரண்டு வீட்டிலும் தண்ணீர் புகுந்தது. மறுநாள் அங்கே இருக்கும் மாமி சேறு தள்ளிக்கொண்டே, "உன் கிராஃப் பேப்பர்ல எங்க வீடு எவ்ளோ மைனஸ்டி?" என்று கேட்டார். இப்போது போட்ட ரோட்டுக்கு நாலு இன்ச் என்று சொன்னேன். வடிகால் வாயை இறக்கிக் கட்டச் சொல்லி இந்தத் தடவை அவர் பெயரில் மனு எழுதியிருக்கிறோம், முத்திரை வாங்கியாயிற்று. மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமை ட்யூபோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.