கேபிள் ட்ராயிங்கில் எழுதாமல் விட்ட ஒரு வரி

கடலூர் சிப்காட் பக்கம் உள்ள ஒரு பேனல் கம்பெனிக்காகப் புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் நாங்கள் செய்த 40 ஹார்னஸும் (கனெக்டர் மாட்டிய வயர்க் கட்டு) அப்படியே திரும்பி வந்தன. வயரில் குறையில்லை, வயர் நுனியில் டெர்மினலை நசுக்கிப் பிடிக்க வைக்கும் கிரிம்ப்பில் குறையில்லை, இழுத்துப் பார்த்த சோதனையிலும் எல்லாம் தேறியவைதான். ட்ராயிங்கில் கனெக்டர் படத்துக்குக் கீழே எந்தப் பக்கமிருந்து பார்த்தது என்ற ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரிக்காக இரண்டு வாரம் போயிற்று.

வயரிங் டயகிராம் ஒரே நாளில் முடிந்த வேலை. எந்தப் பின்னிலிருந்து எந்த டெர்மினலுக்கு என்பதெல்லாம் அதில் சரியாகவே இருந்தது. வினை முழுக்க, சொருகிச் சேர்ப்பவர் பார்க்கும் அசெம்பிளி ட்ராயிங்கில்.

கனெக்டர் 4.2 மி.மீ. பிட்ச் (பின்னுக்குப் பின் இடைவெளி), இரண்டு வரிசை, 6 கேவிட்டி (டெர்மினல் சொருகும் துளை). மேல் வரிசையில் 1, 2, 3; கீழ் வரிசையில் 4, 5, 6. தயாரிப்பாளரின் கேட்லாக்கில் இருந்தது கனெக்டரின் முகம், அதாவது எதிர் கனெக்டரோடு போய்ச் சேரும் பக்கம். அதை அப்படியே எடுத்து ட்ராயிங்கில் போட்டாயிற்று. ஆனால் வயர் சொருகுபவர் கனெக்டரின் பிளாஸ்டிக் உடலான ஹவுசிங்கின் முதுகைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துத்தான் சொருகுவார். முதுகிலிருந்து பார்க்கும்போது இடம் வலமாகிவிடும். 1-ம் 3-ம் இடம் மாறும், 4-ம் 6-ம் இடம் மாறும். நடுவில் உள்ள 2, 5 மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த ஹார்னஸில் 1-ல் 24 வோல்ட், 3-ல் 0 வோல்ட். ஆக, பேனலில் உள்ள டிஸ்பிளேக்குப் போனது தலைகீழ் சப்ளை. உள்ளே பாதுகாப்பு டயோடு இருந்ததால் கருகாமல் தப்பியது.

ஹவுசிங்கிலேயே எண் போட்டிருக்குமே என்று கேட்கலாம். போட்டிருக்கிறது. வெள்ளை நைலானில் வெள்ளையாகவே, ஒரு மூலையில், நகத்தால் தடவினால்தான் தெரிகிற புடைப்பாக ஒரே ஒரு '1'. ஒரே மூச்சில் 160 டெர்மினல் சொருகுபவர் அதைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். படத்தைத்தான் பார்ப்பார். அப்படிப் பார்ப்பதற்காகத்தானே படம் வரைகிறோம்? சரக்கு திரும்பி வந்த அன்று, சொருகிய பெண் ஹவுசிங்கைக் கையில் திருப்பிக் காட்டி, "இதுல எந்தப் பக்கத்தை சார் வரைஞ்சிருக்கீங்க?" என்று கேட்டார். முதல் நாளே எழுந்திருக்க வேண்டிய கேள்வி. அது எழாதபடி ட்ராயிங்கே பதில் சொல்லியிருக்க வேண்டும்.

கன்டினியுட்டி (முனைக்கு முனை மின்தொடர்பு) பார்க்கவில்லையா என்றால், 40-க்கும் பார்த்தோம். பார்த்தவரும் அதே ட்ராயிங்கை அதே மாதிரி புரிந்துகொண்டு முனை வைத்தார், எல்லாம் பீப் அடித்தது. ட்ராயிங்கை வைத்துச் செய்ததை அதே ட்ராயிங்கை வைத்துச் சோதித்தால் ட்ராயிங்கில் உள்ள தவறு அகப்படாது. இப்போது எதிர் கனெக்டர் பொருத்திய ஒரு சோதனைப் பலகை செய்துவிட்டோம். அதன் வயரிங் நேராக வயரிங் டயகிராமிலிருந்து வந்தது. அசெம்பிளி ட்ராயிங்கை அதற்குத் தொடவே இல்லை.

தூக்கிப் போடாமல் சரிசெய்ய முடிந்தது பெரிய ஆறுதல். கம்யூனிகேஷன் வயர்கள் இரண்டும் 2-லும் 5-லும் இருந்ததால் அவை தப்பின. கழற்றி மாற்ற வேண்டியது ஹார்னஸுக்கு 2 வீதம் 80 டெர்மினல். இதற்கென உள்ள எக்ஸ்ட்ராக்‌ஷன் டூல் இல்லாமல் இறங்காதீர்கள். குண்டூசியால் நெம்பினால் டெர்மினலின் பக்கவாட்டில் உள்ள பூட்டு நாக்கு ஒடிந்துவிடும். கழற்றிய பிறகு இரண்டு நாக்கையும் மெல்லிய பிளேடு முனையால் வெளியே விரித்துவிட்டுத்தான் மறுபடி சொருக வேண்டும். 'க்ளிக்' கேட்டால் மட்டும் போதாது, ஒவ்வொரு வயரையும் பின்னால் லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். 7 டெர்மினல் ஒடிந்தன. அவற்றை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்தும் நீளம் குறைவு என்று யாரும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் நீளத்தில் அனுமதித்த விலக்கம் +25 மி.மீ., −0 என்று இருந்தது, வெட்டும்போதே கொஞ்சம் கூடவிட்டிருந்தோம். ஹார்னஸில் கூடுதல் நீளத்தை மடித்துக் கட்டிவிடலாம், குறைந்ததை நீட்ட முடியாது. அதனால் ± போடுவதைவிடக் கீழ்ப்பக்கம் பூஜ்யம் வைப்பதே நல்லது. 1600 மி.மீ. என்று எழுதினால் எங்கிருந்து எங்கே என்பதும் சேர வேண்டும்: ஹவுசிங்கின் முதுகிலிருந்து மறுமுனையில் வயர் நுனிக்கு மாட்டும் ஃபெருல் என்ற சிறு உலோகக் குழலின் நுனி வரை. முகத்திலிருந்து அளந்தால் ஹவுசிங்கின் நீளம் முழுவதும் கணக்கில் புகுந்துவிடும். கிளை பிரிந்தால் பிரியும் புள்ளியிலிருந்து அளவு.

ஹார்னஸை விரித்துக் கட்டும் பலகையான ஃபார்ம் போர்டுக்கு 1:1 அளவில் பிரிண்ட் எடுப்பவர்கள் ட்ராயிங்கின் ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்றைப் போட்டுவிடுங்கள். பிரிண்ட் கடையில் தாளுக்குப் பொருந்துமாறு சுருக்கி அடித்துக் கொடுத்துவிட்டார்கள். கோட்டை ஸ்கேலால் அளந்தால் 97. கோடு மட்டும் இல்லையென்றால் 1600 ஹார்னஸ் 1552-ஆக வந்திருக்கும். மறுபடி போய் அடித்து வந்தோம், அரை நாள் போனது.

பொருள் பட்டியலிலும் ஒரு ஓட்டை. ஹவுசிங் எண் இருந்தது, டெர்மினல் எண் இல்லை. இரண்டும் தனித்தனி ஆர்டர், ஹவுசிங்கோடு டெர்மினல் வராது. இந்த டெர்மினல் 18 முதல் 24 ஏ.டபிள்யூ.ஜி. (அமெரிக்க வயர் அளவு, எண் கூடினால் வயர் மெலியும்) வரைக்கும்தான். 18 என்பது சுமார் 0.82 ச.மி.மீ. கடையில் கிடைக்கிறது என்று 1 ச.மி.மீ. வீட்டு வயரை வாங்கினால் செம்பு இழையும் அதிகம், மேலுறையும் தடிமன், அந்த உறையைப் பிடிக்க டெர்மினலில் உள்ள இன்சுலேஷன் இறக்கை மூடாது. 0.75 போதுமானது. வயரின் வெளிவிட்டத்தையும் பட்டியலில் எழுதுங்கள்.

நிறக் குறிகளில் பழைய டயகிராமில் 'பி.எல்.' என்றிருந்தது. கறுப்பா, நீலமா? சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 60757 குறிகளில் கறுப்பு பி.கே., நீலம் பி.யூ., பச்சை ஜி.என்., சாம்பல் ஜி.ஒய். அதைத் தவிர வேறெதையும் இனி எழுதுவதில்லை.

திருத்திய ஒரே ஒரு ஹார்னஸை முதலில் பைக்கில் கடலூருக்குக் கொண்டுபோய்ப் பேனலில் சொருகிப் பார்த்தோம். டிஸ்பிளே ஒளிர்ந்தது. அந்த மகிழ்ச்சியில் மீதி 39-ஐயும் முடித்து எடுத்துப் போனால் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். திருத்திய ட்ராயிங் ரிவிஷன் பி, திருத்திய பி.ஓ.விலும் (கொள்முதல் ஆர்டர்) பி, ஹார்னஸ் லேபிளில் மட்டும் பழைய ஏ. சரக்கைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. முருங்கப்பாக்கம் நெரிசலில் நின்று திரும்பி வந்தது தண்டப் பயணம். கோபம் வந்தாலும் அவர்கள் செய்தது சரிதான். தவறான ஏ-யும் சரியான பி-யும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், லேபிள்தான் அடையாளம். ரிவிஷன் மாற்றும் அன்றே லேபிள் ஃபைலையும் மாற்றுங்கள், பலகையில் குத்தியிருக்கும் பழைய தாளைக் கிழித்துவிடுங்கள்.

இதே மாதிரி ஜாப் ஒர்க் செய்பவர்களுக்கு இன்னொன்று. கடலூர் தமிழ்நாடு, புதுச்சேரி யூனியன் பிரதேசம். ஜாப் ஒர்க்குக்கு எல்லை தாண்டி அனுப்பும் பொருளுக்கு மதிப்பு 50,000 ரூபாய்க்குக் கீழே இருந்தாலும் இ-வே பில் வேண்டும். ஒரு பை கனெக்டர்தானே என்று சலான் மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள்.

லேபிள் மாற்றி மறுநாள் கொண்டுபோனதும் 40-ம் உள்ளே போய்விட்டன. அடுத்து வந்திருப்பது 12 கேவிட்டி கனெக்டர். அதன் படத்தை முதுகுப் பக்கமிருந்தே வரைந்து, பூட்டுக் கொக்கி மேலே இருப்பதாகக் காட்டி, 1-ஐக் கறுப்பால் நிரப்பி, கீழே "வயர் நுழையும் பக்கப் பார்வை" என்று எழுதியாயிற்று.