குழுவோடு ஓடிய ஆறாவது வாரம்: முதல் கிலோமீட்டர் வசப்பட்டது

நேற்றுக் காலை 8 கிலோமீட்டரை ஓரிடத்திலும் நடக்காமல், ஓட்டக் குழுவின் கடைசி அணியோடு சேர்ந்தே ஓடி முடித்தேன். ஐந்து வாரங்களாக ஐந்தாவது கிலோமீட்டரை எட்டும் முன்பே மூச்சிரைத்து நின்றுகொண்டிருந்த எனக்கு இது பெரிய மகிழ்ச்சி.

தனியாக ஓடும்போது கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்பதே என் இயல்பான வேகம். குழுவில் சேர்ந்த முதல் நாள், முன்னால் போகிறவர்களின் காலடியோசையோடு என் கால்களும் இணைந்துகொள்ள, முதல் கிலோமீட்டரை 6 நிமிடம் 40 விநாடியில் கடந்துவிட்டேன். அப்போது சிரமமே தெரியவில்லை. சிக்கலே அதில்தான் இருக்கிறது. ஓடத் தொடங்கியதும் உடல் ஆக்சிஜனை உள்வாங்கும் அளவு தேவைக்கேற்ப உயர இரண்டு மூன்று நிமிடங்கள் பிடிக்கும். அதுவரை தசைகள் கையிருப்பில் உள்ள ஆற்றலைக் கொண்டு சமாளிப்பதால், மூச்சு எச்சரிப்பதற்குள் தவறு நடந்து முடிந்துவிடுகிறது.

கைக்கடிகாரத்தை நம்பிப் பார்த்தேன். மரங்கள் அடர்ந்த பாதையில் ஜிபிஎஸ் காட்டும் வேகம் 7 நிமிடத்துக்கும் 9 நிமிடத்துக்கும் இடையே தாவிக்கொண்டே இருந்தது. அதற்கேற்ப நானும் கூட்டிக் குறைத்ததில் களைப்புதான் மிச்சம். மணிக்கட்டு சென்சாரோ இதயத் துடிப்பை விட்டுவிட்டுக் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு, வார்ம் அப்பிலேயே நிமிடத்துக்கு 164 துடிப்பு என்று காட்டியது. மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் மின் சைகையையே அளப்பதால் இந்தக் குழப்பம் அதில் இல்லை. அதை வாங்கும் எண்ணம் இருக்கிறது. ஓடுவதற்கு முன் அதன் மின்முனைகளை நனைத்துக்கொள்ள வேண்டும் என்று குழுவில் ஒருவர் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

இறுதியில் கைகொடுத்தது பேச்சுதான். கடைசி அணியின் பேசராக (pacer), அதாவது சீரான வேகத்தில் ஓடி மற்றவர்களை வழிநடத்துபவராக வரும் அக்கா, "என்னோடு பேசிக்கொண்டே வாருங்கள், வாக்கியம் நடுவில் அறுந்தால் உடனே வேகத்தைக் குறையுங்கள்" என்றார். இவ்வளவு மெதுவாக ஓடுவது பயிற்சியாகுமா என்ற என் ஐயத்துக்கு அவர் ஆர்தர் லிடியார்டைச் சுட்டிக்காட்டினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் தங்கம் வென்ற பீட்டர் ஸ்நெல்லுக்கே வாரத்துக்குச் சுமார் 160 கிலோமீட்டர் நெடுந்தூர ஓட்டத்தை அடித்தளமாக அமைத்த அந்தப் பயிற்சியாளர், திணறாமல் பழக வேண்டும் என்று வலியுறுத்தியவர்.

நேற்று முதல் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 25 விநாடி எடுத்துக்கொண்டேன். நடு அணி எங்களைத் தாண்டிச் சென்றபோது கால்கள் தாமாகவே நீண்டன. அக்காவிடம் என் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த பேச்சைத் தொடர்ந்தபடியே அவர்களைப் போகவிட்டேன். நான்காவது கிலோமீட்டரின் ஏற்றத்தில் வாக்கியம் இரண்டு முறை அறுந்தது. காலடிகளைச் சிறிதாக்கியதும் மீண்டும் பேச முடிந்தது. கடைசிக் கிலோமீட்டர் 7 நிமிடம் 38 விநாடியில் முடிந்தது, அப்போதும் மூச்சு சீராகவே இருந்தது.

அடுத்து 10 கிலோமீட்டர் ஓட வேண்டும், அதற்கு முன் பெருவிரல் இடிக்காத, அரை அளவு பெரிய காலணி வேண்டும். ஆனால் இறக்கத்தில் வேகம் இன்னும் என் பிடியில் இல்லை. நேற்றும் ஏற்றத்தைத் தாண்டியதும் அக்காவை விட்டு இருபது அடி முன்னே போய்விட்டேன். வரும் வாரம் அந்த இறக்கத்திலும் அவர் தோளோடு தோளாக, பேச்சு அறாமல் இறங்கிப் பார்க்கப் போகிறேன்.