உட்கார்ந்திருப்பதும் டியூட்டிதான்

மார்ச் 4, 2025, செவ்வாய்

ஓசிடி அக்காவுக்கு இன்று சிகிச்சை ஆரம்பம். ஓசிடி என்றால் வேண்டாத எண்ணமும் அதை அடக்கச் செய்யும் செயலும் திரும்பத் திரும்ப விரட்டும் மனநோய்; இவருக்கு அது அழுக்குப் பயமும் ஓயாத கை கழுவலும். (அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்.) சைக்கியாட்ரிஸ்டும் நானும் அவரோடு உட்கார்ந்து, பயப்படும் பொருள்களுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டோம். கதவுக் கைப்பிடி 40, பஸ் கம்பி 60, செருப்பின் அடிப்பக்கம் 95. கைப்பிடியில் தொடங்கினோம். தொட்ட பிறகு குழாய்ப் பக்கம் போகக் கூடாது.

"ஒரே ஒரு தடவை, சிஸ்டர்" என்று கெஞ்சினார். பக்கத்திலேயே இருந்தேன். "ஒண்ணும் ஆகாதுக்கா" என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொல்லக் கூடாது. அந்த ஆறுதலும் கை கழுவுவது போலத்தான். அப்போதைக்குப் பதற்றம் அடங்கும், அடுத்த முறை அதையே தேடும். பதற்றம் 55 வரை ஏறியது, முக்கால் மணி நேரத்தில் தானாகவே 20க்கு இறங்கியது. அவருக்கே நம்ப முடியவில்லை.

மார்ச் 6, வியாழன்

நைட் டியூட்டி. வார்டு அமைதி, கொஞ்சம் படித்தேன். 1972இல் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் ஐசக் மார்க்ஸ் என்ற மனநல மருத்துவர் இந்தச் சிகிச்சையை நர்ஸ்களுக்கே பயிற்றுவித்தார். மருத்துவர்களும் உளவியலாளர்களும் செய்ததைவிட நர்ஸ்கள் கொடுத்த பலன் குறைவாக இல்லை. அதற்கும் முன்பே, 1952இல், அமெரிக்க நர்ஸ் ஹில்டகார்டு பெப்லாவ், நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவுதான் இந்த வேலையின் மையம் என்று புத்தகமே எழுதியிருக்கிறார்.

மார்ச் 10, திங்கள்

"உட்கார்ந்து பேசிக்கிட்டே இருந்தா ஊசி யாரு போடுறது?" என்றார் இன்சார்ஜ் சிஸ்டர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஊசிக்கும் மாத்திரைக்கும் பதிவேட்டில் கட்டம் இருக்கிறது. நோயாளியோடு ஒரு மணி நேரம் இருந்ததற்கு இல்லை. பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாமல் எல்லா நர்ஸும் இதில் இறங்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போன பிறகு, அந்தப் பதற்றம் இறங்கும்வரை கூட இருக்க வார்டில் வேறு யார்?

மார்ச் 13, வியாழன்

பஸ் கம்பி முடிந்தது. நாளைக்கு அவர் கணவரை வரச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் "சுத்தமாத்தான் இருக்கு" என்று நாள் முழுக்கச் சொல்பவர் அவர்தான். அதை நிறுத்தப் பழக்க வேண்டும். செருப்பு அப்புறம்.