இம்யூனாலஜி தேர்வு: ரத்தக்குழாய்ச் சுவரை வரைந்து பழகுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. இம்யூனாலஜி (நோயெதிர்ப்பு இயல்) தாள், வைவா (வாய்மொழித் தேர்வு) இரண்டிலும் தேறிவிட்டேன். மனசு லேசாக இருக்கும்போதே, அடுத்து எழுதப்போகிறவர்களுக்காக இதை எழுதிவிடுகிறேன். ஆன்டிபாடி, காம்ப்ளிமென்ட் பக்கம் நான் போகப்போவதில்லை; அதை எல்லோரும் நன்றாகவே படிக்கிறார்கள். என்னைக் கரைசேர்த்தது வெள்ளையணுக்களின் நகர்வும் அழற்சியும்தான்.

இந்தப் பகுதிக்கு ஒரே வேலை போதும். தினமும் ஒரு வெள்ளைத் தாளில் சின்ன வெனியூலின் (நுண்சிரையின்) சுவரை வரையுங்கள். மேலே ரத்தம், நடுவில் குழாயின் உட்புறத்தை மூடும் எண்டோதீலிய செல்களின் வரிசை, கீழே திசு, அதில் பாக்டீரியா. இப்போது ஒரு நியூட்ரோஃபிலை (பாக்டீரியாவை விழுங்கும் வெள்ளையணு) இடமிருந்து வலமாக ஓட்டிக்கொண்டு வாருங்கள். நிறுத்தத்துக்கு நிறுத்தம் இரண்டே கேள்வி: இதை இப்போது பிடித்திருப்பது எது? கூப்பிடுவது எது?

சுவரில் இருக்கும் செலக்டின் என்ற ஒட்டுப் புரதம் லேசாகப் பிடிக்கிறது, செல் உருள்கிறது. சுவரில் ஒட்டியிருக்கும் ஐஎல்-8 போன்ற கீமோகைன் (செல்களைக் கூப்பிடும் புரதம்) அதைத் தொட்டதும், செல்லின் மேலிருக்கும் எல்எஃப்ஏ-1 இன்டெக்ரின் என்ற ஒட்டுப் புரதம் வடிவம் மாறி, சுவரில் உள்ள ஐகேம்-1-ஐ இறுக்கிப் பிடிக்கிறது. செல் நிற்கிறது. அப்புறம் சுவர்மேல் ஊர்ந்து, இடுக்கு பார்த்து வெளியே நுழைகிறது. படத்தின் ஓரத்தில் நேரத்தையும் குறியுங்கள். பி-செலக்டின் எண்டோதீலிய செல்லுக்குள் வைபல்-பலாடி உறைகளில் தயாராக இருக்கிறது, ஹிஸ்டமின் பட்டால் சில நிமிடங்களில் மேலே வந்துவிடும். ஈ-செலக்டினைப் புதிதாகச் செய்ய வேண்டும், அதற்குச் சில மணி நேரம் ஆகும்.

வைவாவில் வந்த கேள்வி இது: குழந்தைக்குத் தொப்புள் கொடி தாமதமாக விழுந்திருக்கிறது, ரத்தத்தில் நியூட்ரோஃபில் எக்கச்சக்கம், புண்ணில் சீழே இல்லை. எல்ஏடி-1 (வெள்ளையணு ஒட்டுவதில் உள்ள பிறவிக் குறை) என்று யாரும் சொல்லிவிடலாம். பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி வந்தது: “சரி, இந்த நியூட்ரோஃபில் உருளுமா?” மனதில் இருந்த படத்தில் விரலை வைத்தேன். செலக்டின் பக்கம் பழுதில்லை, அதனால் உருளும். இன்டெக்ரினின் பாகமான சிடி18 இல்லை, அதனால் நிற்காது. உடனே தேர்வாளர் எல்ஏடி-2 பற்றிக் கேட்டார். அங்கே ஃப்யூகோஸ் என்ற சர்க்கரையைச் சேர்ப்பதிலேயே கோளாறு, செலக்டின் பிடிக்க வேண்டிய சியாலில் லூயிஸ் எக்ஸ் உருவாவதில்லை, ஆகவே உருளவே உருளாது. எல்ஏடி-3-இல் இன்டெக்ரின் இருக்கிறது, அதை முடுக்கிவிடும் கிண்ட்லின்-3 இல்லை. தட்டணுக்களுக்கும் அதே கிண்ட்லின் வேண்டும், அதனால் ரத்தக்கசிவும் சேர்ந்துகொள்கிறது. மூன்று நோய்க்கும் ஒரே படம். அட்டவணையாக மனப்பாடம் செய்தால் மூன்றும் குழம்பிப்போகும்.

மருந்துகளையும் இதே படத்தில் ஒட்டுங்கள். நடாலிசுமாப் ஆல்ஃபா-4 இன்டெக்ரினை மறித்து, லிம்ஃபோசைட்டுகள் (இன்னொரு வகை வெள்ளையணு) மூளைக்குள் போவதைத் தடுக்கிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு (மூளை, தண்டுவடத்தைத் தாக்கும் அழற்சி நோய்) 2004-இல் அனுமதி கிடைத்தது. ஜேசி வைரஸால் மூளை பாதிக்கப்பட்டவர்கள் தெரியவந்ததும் 2005-இல் நிறுத்தினார்கள். 2006-இல் கட்டுப்பாடுகளோடு திரும்ப வந்தது. அழற்சியைத் தடுக்கும்போது காவலும் போய்விடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. விடையில் கட்டாயம் எழுதுங்கள். வெடோலிசுமாப் ஆல்ஃபா-4 பீட்டா-7-ஐ மட்டும் மறிப்பதால் வேலை பெரும்பாலும் குடலோடு நின்றுவிடுகிறது.

விட்டுவிடக் கூடாதவை:

- ஸ்டீராய்டு கொடுத்ததும் நியூட்ரோஃபில் எண்ணிக்கை கூடும். சுவரோரம் ஒட்டியிருந்தவை ஓட்டத்தில் கலப்பது முக்கியக் காரணம்.
- ஃபிங்கோலிமோட் மருந்து: லிம்ஃபோசைட்டுகள் சாகவில்லை, வெளியே கூப்பிடும் எஸ்1பி அழைப்பு கேட்காமல் நிணநீர் முடிச்சுக்குள்ளேயே நிற்கின்றன.
- விம் நோய்: மஜ்ஜையில் பிடித்துவைக்கும் சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பி அடங்குவதில்லை, நியூட்ரோஃபில்கள் எலும்பு மஜ்ஜையை விட்டுக் கிளம்புவதில்லை.
- நுரையீரல் கேப்பிலரி, கல்லீரல் சைனுசாய்டு: உருளும் கட்டம் கட்டாயமில்லை. எல்லா உறுப்புக்கும் ஒரே வரிசையை எழுதாதீர்கள்.
- வரலாறு: மெட்ச்னிகாஃப், 1882, நட்சத்திர மீன் லார்வாவில் குத்திய முள், அதைச் சூழ்ந்த செல்கள். ஒரு வரி போதும்.

இந்தப் பகுதிக்குக் குழுவாக உட்கார்ந்து படிப்பது வேண்டாம். தனியாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வரைவதுதான் மனதில் நிற்கிறது. கலர் கலராகக் கோடு போட்ட நோட்ஸும் தேவையில்லை.

பெரிய விடை எழுதும்போது செல் திசுவுக்குள் போனதோடு நிறுத்திவிடாதீர்கள். வேலை முடிந்த நியூட்ரோஃபில் தானே சாகிறது, மேக்ரோஃபேஜ் அதை விழுங்குகிறது, லிப்பாக்சின், ரிசால்வின் போன்ற கொழுப்பு மூலக்கூறுகள் புதிய வரவைக் குறைக்கின்றன. அழற்சி தானாக ஓய்வதில்லை, அதை முடித்துவைப்பதே தனி வேலை. நாள்பட்ட அழற்சியைப் பற்றிக் கேட்டால் விடையை இங்கிருந்தே தொடங்குங்கள்.