பிஎச் ராத்திரியில் ஏன் ஏறுகிறது?

வீட்டில் ஹைட்ரோபோனிக்ஸ் (மண் இல்லாமல், உரம் கரைத்த தண்ணீரில் செடி வளர்ப்பது) வைத்திருப்பவர்கள் கூடினால் ஒரே புலம்பல்தான்: சாயங்காலம் பிஎச்சை (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண், அமிலம் ஊற்றினால் இறங்கும்) 5.8-க்குக் கொண்டுவந்து வைத்தேன், காலையில் பார்த்தால் 7.4. உடனே மீட்டர் மேல் சந்தேகம் வரும், அப்புறம் இன்னும் நாலு சொட்டு அமிலம், மறுநாள் மறுபடியும் அதே கதை. செடி, உரம், மீட்டர் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறோம், தண்ணீரை மட்டும் யாரும் கேட்பதில்லை.

சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீரில் பைகார்பனேட் ஏராளம். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதற்குக் காரணமான அதே சங்கதி. ஊற்றுகிற அமிலம் பைகார்பனேட்டோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகிறது. அது கரைந்திருக்கும் வரை பிஎச் தாழ்வாகத் தெரியும். ஏர் பம்ப் ராத்திரி முழுக்கக் குமிழி விட்டு அந்த வாயுவை வெளியேற்றியதும், மிச்சம் இருக்கிற பைகார்பனேட் பிஎச்சை மேலே தூக்கிவிடும். தொட்டியில் தண்ணீர் குறைந்ததும் அதே போர் தண்ணீரை ஊற்றி நிரப்புகிறோமா, புதுச் சரக்கு வந்து சேர்ந்துவிடும்.

அதனால் பிஎச் மீட்டருக்கு முன்னால் வாங்க வேண்டியது மீன் தொட்டிக்காரர்கள் வைத்திருக்கும் கேஎச் சோதனைத் திரவம், பைகார்பனேட் எவ்வளவு என்று அதுதான் காட்டும். கொளத்தூர் பக்கம் வண்ண மீன் கடைகளில் கேட்டுப் பாருங்கள். நிறம் மாறும் வரை சொட்டு எண்ண வேண்டும். பெரும்பாலான கிட்களில் ஒரு சொட்டு ஒரு டிகிரி, அதாவது கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு ஏறக்குறைய 18 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு இதே கணக்கில் 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரைகூடப் போகலாம் என்கிறது. குடிக்க அது சரி, ஆனால் 300 இருந்தாலே உங்கள் 20 லிட்டர் தொட்டி தினமும் மல்லுக்கு நிற்கும்.

எனக்குப் பிடித்த வழி கலப்பதுதான். 15 டிகிரி காட்டும் போர் தண்ணீர் ஒரு பங்கு, ஆர்ஓ நான்கு பங்கு என்றால் மூன்று, நான்கு டிகிரிக்கு வந்துவிடும். முழுக்க ஆர்ஓ ஊற்றினால் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாமல் பிஎச் இரண்டு பக்கமும் ஆடும், அதனால்தான் கொஞ்சம் போர் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடி மழைத்தண்ணீரைப் பிடித்தால் ஆர்ஓவும் வேண்டாம். எதுவும் இல்லையென்றால் போர் தண்ணீரில் பாஸ்பாரிக் அமிலம் கலந்து (தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யாதீர்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்) ராத்திரி முழுக்கக் குமிழி விட்டு, காலையில் மறுபடி சரிசெய்து, அதற்கப்புறம் உரம் போடுங்கள். எலுமிச்சை, வினிகர் எல்லாம் வேண்டாம். நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்த்ததும் பிஎச் ஏறிவிடும், தொட்டியில் வழவழப்புதான் மிஞ்சும்.

உரக்கடையில் எளிதாகக் கிடைக்கிறதே என்று 19:19:19 உரம் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் மூன்றும் சம அளவில் உள்ளது) போடுபவர்களுக்குக் கதை வேறு. அதில் நைட்ரஜன் பெரும்பாலும் யூரியாவும் அம்மோனியமுமாக இருக்கிறது. வேர் அம்மோனியத்தை எடுக்க எடுக்க பிஎச் இறங்கும். கால்சியம் நைட்ரேட் உள்ள ஏ, பி கரைசலில் (இரண்டு பாட்டிலாக வரும் ஹைட்ரோபோனிக்ஸ் உரம்) வேர் நைட்ரேட்டை எடுக்கும்போது பிஎச் மெதுவாக ஏறும். இந்த ஏற்றம் செடி நன்றாகச் சாப்பிடுகிறது என்பதற்கு அடையாளம், 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் எங்கே அலைந்தாலும் கை வைக்காதீர்கள். 6.5 தாண்டி நாள்கணக்கில் நின்றால்தான் தொல்லை: உரத்தில் இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்து வைத்திருக்கும் ஈடிடிஏ என்ற பொருள் பிடிவிட ஆரம்பிக்கும், கீரையின் இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சளாகும். டிடிபிஏ என்ற இன்னொரு பொருள் பிடித்திருக்கும் இரும்பு இன்னும் கொஞ்சம் தாங்கும்.

மத்தியானம் மட்டும் பிஎச் ஏறினால் தொட்டிக்குள் வெளிச்சம் போகிறதா பாருங்கள், பாசி பகலில் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும். மூடியை கறுப்பு ஷீட்டால் மறைத்தால் சரி. மீட்டரை பிஎச் 6.86, 4.01 என்று குறித்து விற்கும் சோதனைக் கரைசல்களில் அவ்வப்போது சரிபார்த்து, முனையை பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள், ஆர்ஓ தண்ணீரில் ஊறப்போட்டால் கெட்டுவிடும்.

அம்மோனியம் இல்லாத கரைசலில் பிஎச் திடுமென்று விழுந்தால் ஏற்றும் திரவத்தைத் தேடாமல் வேரை எடுத்து முகர்ந்து பாருங்கள். பழுப்பாகி நாறினால் அழுகல். கரைசல் முழுவதையும் கொட்டிவிட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதிதாகக் கலக்க வேண்டியதுதான்.