வில்சன் நோய்: ஒரே பிழை, ஏன் இத்தனை முகங்கள்?

வில்சன் நோய் என்பது உடலில் செம்பு தேங்கும் பரம்பரை நோய். அதற்குக் காரணமான ஏடிபி7பி மரபணு 13-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 1993-இல் கண்டுபிடித்தார்கள். ஈரல் செல்லில் மிஞ்சும் செம்பைப் பித்தத்தில் தள்ளும் பம்பு, இது உருவாக்கும் புரதம்தான். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் பம்பு படுத்துவிடும். செம்பு முதலில் ஈரலில் தேங்கும், அப்புறம் மூளைக்கும் கண்ணுக்கும் போகும்.

குழப்பம் இனிமேல்தான். ஒரே வீட்டில், அதே இரண்டு பிழைகளோடு, அண்ணனுக்குப் பத்து வயதில் காமாலை வரலாம். தங்கைக்கு இருபதைத் தாண்டிக் கைநடுக்கமும் நாக்குழறலும் வரலாம். ஆகவே நோயின் போக்கை வேறு மரபணுக்களும் திருப்புகின்றனவா என்று தேடுகிறார்கள்.

தெளிவான விடை கிடைத்தது நாய்களிடம். லேப்ரடார் நாய்களில் ஏடிபி7பி-யில் ஒரு மாற்றம் ஈரல் செம்பைக் கூட்டுகிறது. ஏடிபி7ஏ-யில் இன்னொரு மாற்றம் அதைக் குறைக்கிறது. 2016-இல் வெளியான ஆய்வு இது. ஏடிபி7ஏ குடல் செல்லிலிருந்து செம்பை ரத்தத்துக்கு அனுப்புவது. அது கொஞ்சம் தளர்ந்தால் உள்ளே வரும் செம்பே குறையும் என்று கொள்ளலாம். எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஒரே எக்ஸ் உள்ள ஆண் நாய்களில்தான் பாதுகாப்பு நன்றாகத் தெரிகிறது.

பெட்லிங்டன் டெரியர்களுக்குச் செம்பு தேங்கக் காரணம் காம்டி1 மரபணு. மனிதரிலும் அதுவே துணைக் குற்றவாளி என்று எதிர்பார்த்தார்கள். உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஏபிஓஇ என்ற மரபணு பற்றிய முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரண். பிஎன்பிஎல்ஏ3 மரபணு மட்டும் கவனிக்கத் தக்கது: அதன் புரதத்தில் 148-ஆம் இடத்தில் மாற்றம் உள்ள வில்சன் நோயாளிகளுக்கு ஈரலில் கொழுப்பு அதிகம் படிகிறது. ஒல்லியான பிள்ளைக்கு ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர்' என்று வந்தால், உணவைக் குறை சொல்லி அனுப்பாமல் செம்பையும் பார்க்க வேண்டும்.

துணை மரபணுக்களைச் சோதிக்கப் பணம் செலவழிப்பது இப்போதைக்கு வீண் என்பது என் கருத்து. அந்தப் பணத்தில் உடன்பிறந்தோருக்கு ஏடிபி7பி சோதனை செய்யலாம். ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின் இந்த நோயில் பொதுவாகக் குறையும்; ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு பிரதி மட்டும் பழுதானவருக்கும் அது டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கலாம். காய்ச்சலோ கர்ப்பமோ இருந்தால் நோயாளிக்கே இயல்பு அளவு காட்டும்.

24 மணி நேரச் சிறுநீரில் செம்பு பார்ப்பது பலமுறை கெடுவது சேகரிப்பில். காலையில் வரும் முதல் சிறுநீரைப் பிடிக்காமல் விட்டுவிட்டு, அந்த மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் வருவதை எல்லாம், மறுநாள் அதே மணிக்கு வருவதையும் சேர்த்து, லேப் தரும் உலோகமற்ற கேனில் பிடியுங்கள். ஒரு வேளை விட்டுப்போனாலும் அளவு குறைந்து காட்டும். எவர்சில்வர் பாத்திரத்தில் பிடித்து ஊற்றினால் மாசு கலக்கலாம். பெரியவருக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் வலுவான சந்தேகம். சிறுவர்களுக்கு 40-ஐத் தாண்டினாலே மேலும் சோதிக்க வேண்டும்.

இரண்டு பிழைகளும் உறுதியானால், அறிகுறி இல்லாவிட்டாலும் சிகிச்சை தொடங்க வேண்டும்.