உச்சிக்குழி வழியே: ஸ்கேன் டாக்டரின் சில நாட்கள்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே பச்சிளங்குழந்தை ஐசியுவிலிருந்து போன். நேற்று ராத்திரி பிறந்த 27 வாரக் குழந்தை, எடை 980 கிராம், தலை ஸ்கேன் வேண்டுமாம். வெண்டிலேட்டரோடு இந்த உருப்படியை எம்ஆர்ஐ அறைக்குக் கொண்டுபோய் வருவது பெரும்பாடு, அதனால் அல்ட்ராசவுண்ட் மெஷின்தான் குழந்தையிடம் போகிறது. ஜெல்லைச் சூடுபண்ணி வைக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். ஜில்லென்று தலையில் வைத்தால் இத்தனூண்டு உடம்பில் சூடு இறங்கிவிடும். இன்குபேட்டர் ஜன்னலுக்குள் கையை விட்டு, ஒலியை அனுப்பி வாங்கும் கைக்கருவியான புரோபை, எலும்பு இன்னும் மூடாத உச்சிக்குழி மேல் அழுத்தாமல் வைத்து, முன்னும் பின்னுமாகச் சாய்க்க வேண்டும். மடிப்புகள் இன்னும் அதிகம் விழாத வழவழ மூளை. ரத்தக்கசிவு இல்லை.

வெளியே அப்பா. "மூளை நல்லாருக்குன்னு வீட்ல சொல்லிடலாமா மேடம்?"

"இன்னைக்கு ரத்தம் இல்லைங்க, அவ்வளவுதான் சொல்ல முடியும். வெள்ளிக்கிழமை மறுபடி பாக்கணும்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் முதல் நாள் ஸ்கேனை நல்ல சேதியாகக் கொடுத்தனுப்ப எனக்கு மனசு வராது. குறைமாதக் குழந்தைகளுக்கு மூளைக்குள் கசிவு வந்தால் பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள்தான் வரும். பிறந்த சில மணி நேரத்தில் எடுத்த படம் எதற்கு உத்தரவாதம்?

ஜூன் 6, வெள்ளி

கசிவு வந்திருக்கிறது. இடது பக்கம், மூளையின் ஆழத்தில் காடேட், தாலமஸ் என்ற இரண்டு பகுதிகள் சந்திக்கிற பள்ளத்தில் வெள்ளையாக ஒரு சின்னத் திட்டு. புதிதாகப் படிக்க வருகிறவர்கள் இங்கேதான் திணறுவார்கள், ஏனென்றால் பக்கத்திலிருக்கும் கோராய்டு பிளெக்ஸஸும், அதாவது மூளைநீரைச் சுரக்கும் திசுவும், வெள்ளைதான். ஆனால் பக்க வெண்ட்ரிக்கிளில், அதாவது மூளைக்குள் நீர் நிறைந்த பக்க அறையில், அது மன்றோ துவாரத்துக்கு (பக்க அறையை நடு அறையோடு இணைக்கும் துளை) முன்னால் நீளாது. அதைத் தாண்டி முன்பக்கம் வெள்ளை தெரிந்தால் ரத்தம் என்றே எடுத்துக்கொள்ளலாம். வெண்ட்ரிக்கிளுக்குள் இறங்கவில்லை, ஆக கிரேடு 1, இருப்பதிலேயே லேசானது. இந்த கிரேடு கணக்கு 1978இல் பபைல் குழுவினர் சிடி படங்களை வைத்துப் போட்டது. நாம் அதை அப்படியே அல்ட்ராசவுண்டுக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

காதுக்குப் பின்னாலிருக்கும் சின்ன இடைவெளி வழியாகச் சிறுமூளையையும் பார்த்தேன். உச்சியிலிருந்து அது ரொம்ப தூரம், சின்னக் கசிவெல்லாம் நழுவிவிடும். கூடுதலாக இரண்டு நிமிடம்தான் ஆகும், அதையும் பல பேர் பார்ப்பதில்லை என்பதில் எனக்குக் கோபம் உண்டு.

ஜூன் 11, புதன்

இன்று தண்டுவடம். நிறைமாதக் குழந்தை, புட்டத்துக்குச் சற்று மேலே ஒரு குழி, வீட்டில் எல்லோருக்கும் கிலி. உண்மையில் நடுக்கோட்டில், ஆசனவாயிலிருந்து 2.5 செ.மீ.க்குள், 5 மி.மீ.க்கும் குறைவான குழி என்றால் ஸ்கேனே பெரும்பாலும் தேவையில்லை. மேலே தள்ளி இருந்தாலோ, முடிக்கற்றையோ கட்டியோ கூட இருந்தாலோ கட்டாயம் பார்க்க வேண்டும். சரி, வந்துவிட்டார்கள். பால் குடித்துத் தூங்கியதும் குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தட்டை முகமுள்ள லீனியர் புரோப். கறுப்புக் குழாய் மாதிரி தண்டுவடம், நடுவில் வெள்ளைக் கோடு, முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே கூர்ந்து முடிகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் இதயத்துடிப்புக்கு ஏற்ப அலைகின்றன. கீழே இழுத்துக் கட்டப்பட்ட தண்டுவடமாக இருந்தால் நுனி தாழ்ந்திருக்கும், இந்த அலைவும் மங்கிவிடும். இதெல்லாம் முதல் மூன்று நான்கு மாதம்தான் நன்றாகத் தெரியும், அப்புறம் எலும்பு கெட்டியாகி வழியை அடைத்துவிடும். எட்டு மாதத்தில் தூக்கி வந்தால் மயக்கம் கொடுத்து எம்ஆர்ஐதான்.

ஜூன் 14, சனி

நைட் டூட்டி, வேலை குறைவு. கார்ல் டுசிக் பற்றிப் படித்தேன். ஆஸ்திரிய டாக்டர், 1942இலேயே தலைக்குள் அல்ட்ராசவுண்ட் அனுப்பி வெண்ட்ரிக்கிளைப் படம் பிடிக்கப் பார்த்தவர். கிடைத்த படத்தில் தெரிந்தது பெரும்பாலும் மண்டையோட்டின் வேலை என்று பின்னால் தெரியவந்தது. எலும்பு அப்படித்தான், ஒலியை விழுங்கிவிடும். அதே எலும்பில் மெலிந்த நெற்றிப்பொட்டுப் பகுதி வழியாக 1982இல் ரூன் ஆஸ்லிட் பெரியவர்களுக்கும் மூளை ரத்தக்குழாய் ஓட்டத்தை, ரத்தம் ஓடும் வேகத்தை ஒலியால் அளக்கும் டாப்ளரில் அளந்து காட்டினார்.

ஜூலை 1, செவ்வாய்

27 வாரக்காரனுக்கு நான்காவது வாரம். திட்டு சுருங்கி, நடுவில் கறுப்பாகக் குழிந்திருக்கிறது. வெண்ட்ரிக்கிள் பெரிதாகவில்லை. அதன் ஓரத்து வெண்பொருளில் (நரம்பிழைகள் ஓடும் மூளைத் திசு) சிஸ்ட், அதாவது நீர்க்கட்டி, இல்லை. அது வருவதானால் இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும் என்பதால்தான் இன்று வரச் சொன்னார்கள். அப்பாவிடம் இந்த முறை கொஞ்சம் தாராளமாகவே பேசினேன். "நடப்பானா மேடம்?" என்றதற்கு மட்டும், படம் இதுவரை நல்லாருக்கு, வளர்ச்சியைத்தான் மாசாமாசம் பாக்கணும் என்றேன். பாட்டி பின்னாலிருந்து, "டாக்டரம்மா, உச்சியில விளக்கெண்ணெய் வைக்கலாமா, சீக்கிரம் மூடிக்குமே?" என்றார்.

"வேண்டாம்மா, அது மெதுவாவே மூடட்டும். ஆகஸ்ட் கடைசியில ஒரு ஸ்கேன் பாக்கி இருக்கு."